நகரின் முற்றம்

ஒருவர் தாம் வாழும் ஊரைத் தாமே தெரிவு செய்துகொள்ளும் வாய்ப்பு எல்லோர்க்கும் எளிதிற் கிட்டுவதன்று. பிறப்பு ஓர் ஊரைத் தருகின்றது. தொழில் வேறோர் ஊருக்கு அழைக்கின்றது. திருமணம் ஒருவரைப் பெயர்த்தெடுத்துப் பிறிதோரிடத்தில் நடுகின்றது. ஆபத்து வந்துற்ற வேளையிலோ, கால்கள் சென்றடைந்த இடமே ஊராகிவிடுகின்றது. இவற்றுள் எதனாலும் உந்தப்படாமல், இவ்விடத்திற் கலையுண்டு, காற்றாட நடப்பதற்கு வெளியுண்டு, ஆதலால் இங்கு குடிபுகுவோம் என்று ஒரு குடும்பம் தீர்மானிக்குமாயின் அதனைப் பெரும்பேறு என்றே கொள்ளல் வேண்டும். இலங்கைத் தமிழரைப் பொறுத்தவரையில் இப்பேறு அரிதினும் அரிது. அத்தகையதொரு வாய்ப்பு இவ்வாண்டு எமது குடும்பத்துக்குக் கிடைத்தது. அதனையொட்டி நான் எண்ணியவற்றை ஈண்டு எழுத முற்படுகின்றேன்.

எமது குடும்பம் கொட்டாஞ்சேனையில் வாழ்வது. அப்பப்பா 1950களின் தொடக்கத்தில் வலிகாமம் வடக்கிலிருந்து எழுதுவினைஞராகக் கொழும்புக்கு வந்து, வேலைத்தலத்துக்கு அண்மையில் இருத்தல் வசதி என்ற காரணத்தாற் கொட்டாஞ்சேனையில் அறையொன்று எடுத்தார். 1958ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது கப்பலேறிக் காங்கேசன்துறையை அடைந்தார். சில மாதங்களின் பின் வேலைக்காகத் திரும்பினார். 1983 யூலையில் அப்பாவுக்கு வயது பதினைந்து. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அமைந்த அகதி முகாமிற் சில நாள். பின்னர் மீண்டும் கப்பல், மீண்டும் காங்கேசன்துறை. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர நேர்ந்தபோது பிறந்த வளவையும் விட்டுப் புறப்பட்டனர். சில ஆண்டுகளின் பின் அப்பா தொழில் தேடிக் கொழும்புக்கு வந்தார். தெரிந்த இடம் என்பதால் மறுபடியும் கொட்டாஞ்சேனை. நானும் தம்பியும் பிறந்தது அங்கேதான். இவ்வரலாற்றில் ‘விரும்பி’ என்னும் சொல்லுக்கு ஓரிடத்திலேனும் இடமில்லை என்பதை வாசகர் கவனித்திருப்பர்.

இவ்வாண்டின் தொடக்கத்தில் அப்பா ஓய்வு பெற்றார். அதே மாதத்தில், நாம் வாடகைக்கிருக்கும் வீட்டின் உரிமையாளர் வீட்டை விற்கவிருப்பதாகவும், ஆண்டிறுதிக்குள் வேறிடம் பார்த்துக்கொள்ளுமாறும் பண்பாகவே கூறினார். அன்றிரவு உணவு முடிந்தபின் அப்பா என்னை அழைத்தார். “வேலைக்காக ஊர் மாறினம், கலவரத்துக்காக ஊர் மாறினம். விருப்பத்துக்கு ஊர் மாற இப்பதான் வழி வந்திருக்குது. நீ தமிழ், நாடகம் எண்டு திரியிறாய். தம்பி எந்த நேரமும் படம் கீறுறான். அம்மாவை நடக்கச் சொல்லி டொக்டர் சொல்லுறார். எந்த ஊர் எண்டு நீயே யோசிச்சுச் சொல்லு பிள்ளை” என்றார். பரீட்சை மண்டபத்திற் பல வினாக்களுக்கு விடையெழுதிப் பழகிய எனக்கு, இவ்வினா அவை எல்லாவற்றிலும் கடினமானதாகத் தோன்றிற்று.

எந்த ஊர் என்று ஆராயுமுன், எதனைக் கொண்டு ஊரை அளப்பது என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ள விரும்பினேன். அப்போது என் நினைவுக்கு வந்தது வீட்டு முற்றம். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் நடுவே வானம் பார்த்துக் கிடக்கும் முற்றத்தைப் பற்றி அப்பா அடிக்கடி கூறுவார். அங்கே பகலில் நெல் காயும். மாலையிற் பிள்ளைகள் ஆடுவர். நிலவு காலத்திற் கதை நடக்கும். புராணப் படிப்புக்கும் அதுவே இடம், சாவீட்டு ஒப்பாரிக்கும் அதுவே இடம். கலையும் வெளியும் ஒன்றையொன்று பிரியாமல் ஓரிடத்தில் இருந்தன. கலைக்கென ஒரு கட்டடமும், காற்றுக்கென ஒரு பூங்காவும் தேடிச் செல்லும் தேவை அக்காலத்தவர்க்கு எழவில்லை. இன்று நாம் குடிபுகும் வீடுகளுக்கு முற்றமில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல்வீட்டாரின் தளமே எமக்குக் கூரை. ஆகவே, வீட்டினால் தரவியலாத முற்றத்தை நகரம் தரவேண்டும். நகரைத் தெரிவதென்பது அதன் முற்றத்தைத் தெரிவதே என்ற முடிவுக்கு வந்தேன்.

அம்முற்றத்துக்கு மூன்று நிபந்தனைகளை விதித்துக்கொண்டேன். முதலாவது, அது கால்நடையாகவோ ஒரேயொரு பேருந்திலோ எட்டத்தக்கதாயும், பணவசதி இல்லாதாரும் புகத்தக்கதாயும் இருத்தல் வேண்டும். இரண்டாவது, இரவிலே அங்கிருந்து ஒரு பெண் தனியே அச்சமின்றி வீடு திரும்ப இயலவேண்டும். மூன்றாவது, அங்கே நிற்பதற்கு எனக்கு உரிமை இருத்தல் வேண்டும். இங்கு உனக்கென்ன அலுவல் என்று எவரும் வினவுதல் கூடாது. முதலிரண்டும் எந்த நாட்டு மாணவிக்கும் பொதுவானவை. மூன்றாவது எம்மவர்க்குச் சிறப்பாக உரியது.

கொட்டாஞ்சேனையை இவ்வளவுகோலால் அளந்து பார்த்தல் முறையாகும். கலையை நாடுவோர் கொட்டாஞ்சேனைக்கு வருவதாகக் கேள்விப்படுவது அருமை. ஆயினும் அரைமணி நேர நடைக்குள் அங்கு காணக்கூடியவை பல. 1757இல் திறக்கப்பட்ட ஒல்லாந்தரின் வுல்பெண்டால் தேவாலயம், நாற்புறமும் தடித்த சுவர்களுடன் மேட்டின்மீது நிற்கின்றது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லாற் புதுக்கிக் கட்டிய பொன்னம்பலவாணேசர் ஆலயத்தின் தூண்களிடையே நின்றால் தென்னாட்டுக் கோயிலொன்றினுள் நிற்கும் உணர்வே உண்டாகும். புனித லூசியா பேராலயத்தின் குவிமாடம் தொலைவிலிருந்தே தெரியும். தீபதுத்தாராம விகாரையும் அயலிலேயே உள்ளது. சுவாமி விவேகானந்தர் 1897இற் கொழும்புக்கு வந்து சென்றதன் நினைவாக எழுந்த விவேகானந்த சபை 1902 முதல் இயங்கி வருகின்றது. நான்கு சமயங்களின் கட்டடக்கலையையும் ஒரு மாலைப்பொழுதிற் கண்டு திரும்பலாம். இந்நெருக்கம் எப்போதும் இனிமையாய் இருந்ததுமில்லை. 1883ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று பௌத்தருக்கும் கத்தோலிக்கருக்குமிடையே கலகம் மூண்டது இப்பகுதியிலேதான். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திற் குண்டு வெடித்தபோது எமது வீட்டு யன்னற் கண்ணாடிகள் அதிர்ந்தன.

எனினும் கொட்டாஞ்சேனையிற் குறைவது வெளி. கடல் அயலில் இருக்கின்றது. ஆனால் அதற்கும் எமக்குமிடையே துறைமுகத்தின் மதில் நிற்கின்றது. கப்பலின் ஊதொலியைக் கேட்டு வளர்ந்தேனேயன்றிக் கடலைக் கண்டு வளர்ந்தேனல்லேன். கடற்கரையில் நடக்கவேண்டுமாயின் மட்டக்குளிக்கு அப்பால், களனி கங்கை கடலுடன் கலக்குமிடத்தை அண்டிய காக்கைத்தீவுக்குச் செல்லவேண்டும்.

இரண்டாவது நிபந்தனையைப் பொறுத்தமட்டில் எனது அனுபவம் ஒன்றைக் கூறுதல் பொருத்தமாகும். மட்டக்குளியிற் புறப்பட்டுக் கொட்டாஞ்சேனை, மருதானை, நகர மண்டபம் வழியாகப் பல்கலைக்கழகத்தை அடைந்து, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று தெற்கே செல்லும் 155ஆம் இலக்கப் பேருந்தே எனது நான்காண்டுக் கல்விக்கும் துணை. பகலில் அது நல்ல துணை. மாலை ஆறரைக்குத் தொடங்கும் நாடகம் ஒன்பது மணிவரை செல்லுமாயின், எட்டேகாலுக்கு இருக்கையை விட்டு எழவேண்டியவளாகின்றேன். அதற்குப் பிந்தினாற் பேருந்துகள் அருகிவிடும். முச்சக்கர வண்டிக்கோ கையிற் பணமிராது. இந்நான்கு ஆண்டுகளில் நான் பார்த்த நாடகங்கள் பலவற்றின் இறுதிக் காட்சியை நான் கண்டதில்லை. மறுநாள் தோழியரிடம் கேட்டே முடிவை அறிந்துகொள்வேன். அவர்கள் கூறும் முடிவுகளும் ஒன்றுக்கொன்று மாறுபடும். ஒரு நகரில் எத்தனை அரங்குகள் உள்ளன என்று எண்ணுவோர், அவற்றின் இறுதிக் காட்சியை யார் யார் காண முடிகின்றது என்பதையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

கொழும்புக்கு வெளியேயுள்ள நகரங்களையும் வரிசையாக எண்ணினேன். கண்டி முதலில் மனத்தில் எழுந்தது. கலைக்கும் இயற்கைக்குமாக இடம்பெயர்ந்த நிறுவனம் ஒன்று இந்நாட்டில் உண்டென்றால் அது எமது பல்கலைக்கழகத்தின் மூத்த வடிவமே. 1942இற் கொழும்பில் உருவான இலங்கைப் பல்கலைக்கழகம் எங்கே நிலைபெற வேண்டும் என்ற வாதம் அதற்கு முன்னரே பல ஆண்டுகள் நடைபெற்றது. ஈற்றில் மகாவலியின் கரையிலுள்ள பேராதனை தெரிவு செய்யப்பட்டு, 1952இற் குடிபெயர்வு நிகழ்ந்தது. மலைச்சரிவையே இருக்கைகளாகக் கொண்ட திறந்தவெளி அரங்கு அங்கே எழுந்தது. 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு அண்ணாவியாரின் துணையுடன் மாணவரைக் கூத்தாடப் பயிற்றியதும், ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவை மேடை கண்டதும் அவ்வளாகத்தின் வாழ்வோடு இணைந்தவை. கலைக்கு வெளி எத்துணை வேண்டப்படுவது என்பதற்குப் பேராதனையைவிடச் சான்று வேண்டுவதில்லை. ஆயினும் பேராதனையின் முற்றம் மாணவர்க்குரியது. பட்டம் பெற்றவுடன் அது கைநழுவிப் போகும். கண்டியில் எமக்கு உறவினர் எவருமிலர். அம்மாவின் முழங்காலுக்கு மேடு ஏறுவதும் இயலாது.

யாழ்ப்பாணத்தை எண்ணியபோது உறவினர் அனைவரும் ஒருமுகமாக ஆதரித்தனர். முற்றவெளி என்று தன் திடலுக்கே பெயரிட்ட நகரம் அது. கோட்டை, பண்ணைப் பாலத்துக் கடற்காற்று, நல்லூர் வீதி, வீரசிங்கம் மண்டபம் ஆகியன அனைத்தும் துவிச்சக்கர வண்டியில் எட்டும் தொலைவில் உள்ளன. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்ட பொது நூலகம் மீண்டும் எழுந்து நிற்கின்றது. அதன் அருகே இந்திய உதவியுடன் அமைந்த பண்பாட்டு மையம் 2023 பெப்ரவரியில் மக்களுக்கு உரித்தாக்கப்பட்டது. இத்தனை இருந்தும் அப்பா தயங்கினார். விடுவிக்கப்பட்ட எமது வளவைப் பார்க்கச் சென்றபோது, கிணறொன்றைத் தவிர வேறெதுவும் அங்கே எஞ்சியிருக்கவில்லை. “அங்க போனால் நான் வீட்டைத்தான் பார்ப்பன், ஊரைப் பார்க்கமாட்டன்” என்று அப்பா கூறினார். திரும்பிச் செல்லுதல் வேறு, தெரிந்து செல்லுதல் வேறு என்பது அவ்வேளையில் எனக்குப் புலனாயிற்று. யாழ்ப்பாணம் எம்மை அழைத்தது பழைய கடனொன்றைத் தீர்ப்பதற்காக. அக்கடன் மெய்யானது, ஆயினும் அது விருப்பமன்று.

எனது உள்ளம் உண்மையில் அவாவியது மட்டக்களப்பையே. இரண்டாம் ஆண்டிற் கூத்துப் பற்றிய ஒப்படைக்காக ‘உதயதேவி’ப் புகையிரதத்தில் அங்கு சென்றேன். கல்லடிப் பாலத்தின்மீது மாலையில் நின்றபோது, இருமருங்கும் விரிந்த வாவியைப் போன்றதொரு முற்றம் எந்த நகருக்கும் வாய்த்திராது என்று எண்ணினேன். பாலத்துக்கு அப்பால் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். நகரைச் சூழ்ந்த ஊர்களில் வடமோடியும் தென்மோடியும் இன்றும் வட்டக்களரியில் ஆடப்படுகின்றன. வேளாண்மை செய்வோரும் மீன்பிடிப்போரும் பகல் வேலை முடிந்தபின் மாதக்கணக்கிற் பழகுகின்றனர். சட்டங் கொடுத்தல், சதங்கை கட்டுதல், அரங்கேற்றம் என ஒவ்வொரு படியும் ஊருக்கே விழாவாகின்றது. அரங்கேற்ற இரவில் மத்தளம் முழங்கக் களரியைச் சுற்றி ஊரே அமர்ந்திருக்கும். கூத்து விடியும்வரை நடப்பதால், இடையில் எழுந்து பேருந்துக்கு ஓடவேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை. இறுதிக் காட்சி எல்லோருக்கும் உரியது.

அவ்விரவில் நான் ஓர் உண்மையையும் உணர்ந்தேன். அக்களரி அவ்வூராரின் முற்றம். என்னருகே அமர்ந்திருந்த முதிய பெண்மணி அருச்சுனனாக ஆடியவரைக் காட்டித் தம் பேரன் என்றார். மத்தளம் அடித்தவரைக் காட்டித் தம்பிமுறை என்றார். அவர் கண்டது கூத்தை மட்டுமன்று. எனக்குப் பாயும் தேநீரும் தந்து அன்போடு உபசரித்தனர். நான் விருந்தாளி. நகரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துவிடுவதால் அக்களரியில் எனக்கு உறவு உண்டாகிவிடாது. அதற்கு ஒரு தலைமுறை வேண்டும். மேலும் அம்மாவின் மருத்துவப் பரிசோதனை மாதந்தோறும் கொழும்பிலே நடைபெறுகின்றது. தம்பி அடுத்த ஆண்டு உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கின்றான். இவை சிறிய காரணங்கள் போலத் தோன்றலாம். ஆனால் குடும்பங்கள் இத்தகைய காரணங்களாலேயே நடத்தப்படுகின்றன.

எனவே சிந்தனை மீண்டும் கொழும்புக்கே வந்தது. அப்போதுதான் கொழும்பு ஒரே நகரன்று என்பதைக் கண்டேன். சிலப்பதிகாரம் காட்டும் புகார் இரு பாக்கங்களைக் கொண்டது. கடலையடுத்த மருவூர்ப்பாக்கத்தில் வணிகரும் கைவினைஞரும் பிறநாட்டாரும் நெருங்கி வாழ்ந்தனர். பட்டினப்பாக்கம் உள்ளே அமைந்த குடியிருப்பு. இரண்டுக்குமிடையே மரஞ் செறிந்த சோலையில் நாளங்காடி கூடிற்று. இந்திரவிழா முடிந்தபின் மக்கள் கடலாடச் சென்றதையும், மாதவியின் யாழ் கடற்கரை மணலில் ஒலித்ததையும் நாமனைவரும் கற்றுள்ளோம். கலையும் வெளியும் அக்காவியத்தில் அடுத்தடுத்து வைக்கப்பட்டமை தற்செயலன்று. கொழும்புத் தமிழர்க்குத் துறைமுகத்தையொட்டிய கொட்டாஞ்சேனையும் செட்டியார் தெருவும் மருவூர்ப்பாக்கம் எனின், வெள்ளவத்தையும் பம்பலப்பிட்டியும் பட்டினப்பாக்கம் எனலாம். ஆடிவேல் விழாவில் செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலிலிருந்து புறப்படும் தேர், காலிமுகத்திடலைக் கடந்து காலி வீதி வழியே பம்பலப்பிட்டியை நோக்கி வரும்போது இவ்விரு பாக்கங்களும் ஒன்றாகின்றன.

இரண்டுக்கும் இடையிலுள்ள சோலையே கொழும்பின் முற்றம். 1877 சனவரி முதலாந் திகதி திறக்கப்பட்ட தேசிய நூதனசாலையில், பொலன்னறுவைச் சிவாலயத்திற் கண்டெடுக்கப்பட்ட காரைக்காலம்மையாரின் வெண்கலப் படிமம் உள்ளது. எலும்புருவான அவ்வம்மையாரின் முகத்திலுள்ள மகிழ்ச்சியைப் பார்த்தபின்பே அவரைப் பற்றி வகுப்பிற் கேட்டவை எனக்கு விளங்கின. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளிற் பொறிக்கப்பட்ட 1409ஆம் ஆண்டுக் காலிக் கல்வெட்டும் அங்கேயே உள்ளது. ஒரே கல் மூன்று மொழிகளில் மூன்று சமயத்தாரின் வழிபடுபொருளைப் போற்றுகின்றது. நூதனசாலைக்கு அயலில் விகாரமகாதேவிப் பூங்கா; சிறிது தொலைவில் 1953இல் திறக்கப்பட்ட லயனல் வென்ட் அரங்கு. 1943இல் லயனல் வென்டின் இல்லத்தில் ஒன்றுகூடிய ஓவியர் குழுவினரின் படைப்புகள், அவர்களுள் ஒருவரான ஹரி பீரிஸ் வாழ்ந்த இல்லத்தில் இன்றும் காணக் கிடைக்கின்றன. தம்பி அங்கு சென்று ஜோர்ஜ் கீற்றின் கோடுகளின் முன்னே நிற்கத் தொடங்கினால் அவனை அழைத்து வருவது எளிதன்று.

ஆண்டின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆனந்த குமாரசுவாமி மாவத்தையின் நடைபாதை நெடுகிலும் மரங்களின் கீழே ஓவியர் தத்தம் படைப்புகளைப் பரப்பி வைக்கின்றனர். 1993இற் தொடங்கிய ‘கலா பொல’ என்னும் இக்கலைச் சந்தையில் நுழைவதற்கு வாயிற்கதவு கிடையாது. வீதிக்குப் பெயர் தந்த பெரியார் 1877இற் கொழும்பிற் பிறந்த தமிழ்த் தந்தையின் மைந்தர்; தமது கலைப்பணிக்கேற்ற இடமாக 1917இற் பொஸ்ரன் நகர நுண்கலை நூதனசாலையைச் சென்றடைந்தவர். கலைக்காக நகர் மாறிய எம்மவருள் முதன்மையானவர் அவரே எனலாம். அவர் விட்டுச்சென்ற நகரின் வீதியொன்று அவர் பெயரைத் தாங்கி, ஆண்டில் ஒரு நாள் முழுவதும் ஓவியமாய் மாறுவது எண்ணுந்தோறும் மகிழ்ச்சி தருகின்றது.

இச்சோலையைக் கொட்டாஞ்சேனையிலிருந்தும் அடையலாம், வெள்ளவத்தையிலிருந்தும் அடையலாம். வேறுபாடு இரவில் திரும்பும் வழியிலேயே உள்ளது. வெள்ளவத்தையிற் காலி வீதி இரவிலும் விழித்திருக்கும். 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் ஐம்பத்தேழாவது ஒழுங்கையில் நூலகத்துடனும் சங்கரப்பிள்ளை மண்டபத்துடனும் இயங்குகின்றது. இராமகிருஷ்ண மிஷன் மண்டபமும் நடைதூரத்தில் உள்ளது. கூட்டம் முடிந்து நடந்தே வீடு சேரலாம். புகையிரதப் பாதையைக் கடந்தால் கடல். அது அகன்ற மணற்பரப்பன்று. பாறைகளுக்கும் தண்டவாளத்துக்குமிடையே ஒடுங்கிக் கிடக்கும் கரைதான். ஆயினும் கடலோர வீதியில் அதிகாலையில் அம்மா நடப்பதற்கு அது போதும். தெஹிவளைக்கு அப்பாலுள்ள பெல்லன்வில அத்திடிய சதுப்புநிலம் 1990இற் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. நாரையும் கூழைக்கடாவும் அங்கு உண்டு. தம்பியின் படக்கொப்பியில் அவை ஏற்கெனவே இடம் பெற்றுள்ளன. மழைவெள்ளத்தைத் தாங்கி நகரைக் காக்கும் இத்தகைய சதுப்புநிலங்களின் பொருட்டே 2018இல் ராம்சார் அமைப்பு கொழும்பை ஈரநில நகரமாக ஏற்றுக்கொண்டது. கொழும்பில் இயற்கையில்லை என்போர் பேருந்தை விட்டிறங்கிப் பத்து நிமிடம் நடந்து பார்த்தல் வேண்டும்.

எஞ்சியிருப்பது மூன்றாவது நிபந்தனை. இதைப் பற்றி மனத்திற் பட்டதை ஒளியாது எழுதவேண்டும். காலிமுகத்திடலை அமைப்பித்த ஆளுநர் சேர் ஹென்றி வார்ட், 1859இல் அப்பணி நிறைவேறியபோது, கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலன் கருதி அதனைத் தமக்குப் பின்வருவோரிடம் ஒப்படைப்பதாகக் கல்லிற் பொறிக்கச் செய்தார். அத்திடலிலேயே 1956 யூன் 5ஆந் திகதி, தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்து அமைதியாக அமர்ந்திருந்த தமிழ்ச் சத்தியாக்கிரகிகள் தாக்கப்பட்டனர். அப்பப்பா அன்று அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில் அதனைத் தொலைவிலிருந்து கண்டவர். அதன்பின் அவர் அத்திடலுக்குச் சென்றதில்லை என்பார் அப்பா. 2007 யூன் 7ஆந் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு நகரிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. முற்றத்தில் நிற்கும் உரிமை எமக்கு நிலையாகத் தரப்பட்டதொன்றன்று என்பதை மறத்தல் இயலாது.

2022 ஏப்ரலில் அதே திடலில் மக்கள் கூடினர். கூடாரங்களுக்கிடையே நூலகம் ஒன்று எழுந்தது, ஓவியர் வரைந்தனர், இரவிற் பாடல் ஒலித்தது. நாட்டின் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. மே 18ஆந் திகதி முள்ளிவாய்க்காலில் இறந்தோர் அங்கே நினைவுகூரப்பட்டனர். அம்மாதங்களில் ஒருநாள் மாலை அப்பா என்னை அங்கு அழைத்துச் சென்றார். நான் சிறுபிள்ளையல்லள், எனினும் திரும்பும்வரை என் கையைப் பற்றிய பிடியை அவர் தளர்த்தவேயில்லை. வீடு வந்தபின், “அப்பப்பா இதைப் பார்த்திருக்கவேணும்” என்று மட்டும் கூறினார். அப்போராட்டக்களம் யூலை 22 அதிகாலையில் படையினரால் அகற்றப்பட்டது. அது நிலைக்கவில்லை. இருந்தபோதும், கொழும்பின் முற்றம் எந்தவோர் இனத்துக்கும் ஊருக்கும் தனியுரிமையானதன்று என்பதை ஒரு தலைமுறை கண்ணாற் கண்டுவிட்டது. மட்டக்களப்புக் களரியில் நான் அன்புக்குரிய விருந்தாளி. கொழும்பின் திடலிலோ எல்லோரும் சம அளவிலே வந்தேறியோர். ஆதலின் இங்கு எனக்கும் பங்கு கேட்கலாம். கேட்டுக்கொண்டே இருக்கவும் வேண்டும்.

இக்காரணங்களை அப்பாவிடம் எடுத்துரைத்து, வெள்ளவத்தைக்குச் செல்லலாம் என்றேன். அம்மாவே முதலில் மறுத்தார். அவர் மறுப்பில் நியாயமிருந்தது. வாடகை இப்போதையதைவிட மூன்றிலொரு பங்கு கூட, அறைகளோ சிறியவை. கொட்டாஞ்சேனையிற் கதவைத் திறந்தால் சிங்களமும் தமிழும் கலந்து பேசும் அயலவர். கிறிஸ்மசுக்குக் கேக்கும், நோன்புப் பெருநாளுக்கு வட்டிலப்பமும், வெசாக்குக்கு நெய்ச்சோறும் தட்டு மாறிவரும் ஒழுங்கை அது. வெள்ளவத்தையின் அடுக்குமாடியில் எல்லாக் கதவுகளும் தமிழ்க் கதவுகளாயிருக்கும். ஆனால் அவை மூடியிருக்கும். “மனிசரை விட்டிட்டுக் கடலைப் பார்க்கப் போறதோ?” என்று கேட்டார். இதற்கு என்னிடம் முழுமையான விடையில்லை. அயலவரை இழப்பது இழப்புத்தான். வீட்டை விற்கப்போகும் உரிமையாளரிடம் அவ்விழப்பைத் தவிர்க்குமாறு கேட்க எமக்கு வழியுமில்லை. எவ்வாறாயினும் போகத்தான் வேண்டும் என்ற நிலையில், எதனை நோக்கிப் போவது என்பது மட்டுமே எமது கையில் உள்ளது. 155ஆம் இலக்கப் பேருந்து இரு திசையிலும் ஓடுவது என்று கூறினேன். அம்மா சிரிக்கவில்லை, ஆயினும் மறுவாரம் வீடு பார்க்க உடன் வந்தார். கடலோர வீதிக்கு இரண்டு ஒழுங்கைகள் உள்ளே, மூன்றாம் மாடியில் ஒரு சிறுவீட்டுக்கு முற்பணம் செலுத்தியுள்ளோம். மார்கழியிற் குடிபுகுவோம்.

மலையகத்திலிருந்தும், கிழக்கிலிருந்தும், வன்னியிலிருந்தும் இப்பல்கலைக்கழகத்துக்கு வரும் தோழர்கள் ஆண்டுதோறும் அறை தேடி அலைவதை அறிவேன். பரீட்சை முடிந்தபின் எந்த நகரில் வாழ்வது என்ற வினாவும் அவர்களை விரைவில் எதிர்கொள்ளும். வாடகை எவ்வளவு, தண்ணீர் வருமா, பேருந்து உண்டா என்று கேட்பது இன்றியமையாதது. அவற்றோடு இன்னும் சில கேள்விகளையும் கேட்குமாறு வேண்டுகின்றேன். இங்கிருந்து நடந்து சென்றால் எந்த முற்றத்தை அடையலாம்? அங்கே நாடகமோ பாட்டோ படமோ எவ்வளவு பணத்துக்குக் காணக் கிடைக்கும்? அது முடியும்வரை இருந்துவிட்டு எவ்வாறு திரும்புவது? அங்கு நிற்கும்போது என் பெயரைச் சொல்ல நான் தயங்க நேருமா? இவை வசதி படைத்தோரின் ஆடம்பரக் கேள்விகள் என்று சிலர் எண்ணக்கூடும். வீட்டிலே முற்றமும் தோட்டமும் உடையோர்க்கு இவை தேவைப்படா. ஒற்றை அறையில் வாழும் எம்போன்றோர்க்கே இவை மிகவும் தேவைப்படுகின்றன.